சுவாமியார் வளர்த்த வலக்கை

சுவாமியாரின் அடக்கப் பூசையில் அந்த மனிதர் சிலுவை அடையாளம் போடவில்லை என்பதுதான் பலேர்மோவில் லிபெர்த்தாத் தெருப் பக்கத்துப் பணக்காரச் சின்யோராக்களுக்கு இன்றுவரை ஆறாத கோபம். கடைசி ஆசீர்வாதத்துக்குக் கோயில் முழுவதும் கை உயர்ந்தபோது, முன்வரிசையில், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற அவர் மட்டும் வலக்கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றார். நானும் அங்கேதான் நின்றேன், பார்த்தேன். பொய் சொல்லமாட்டேன், அப்படித்தான் நின்றார்.

"தெருவில கிடந்ததைத் தூக்கி வளர்த்த மனுசனுக்குக் கடைசியா ஒரு சிலுவை போட ஏலாமப் போச்சோ? இந்த ஆக்களுக்கு என்ன செய்தாலும் இப்பிடித்தான்" என்று போன கிழமையும் என்னுடைய சின்யோரா தொடங்கினாள். நான் இப்போது அவளுடைய வீட்டில்தான் வேலை. அவள் 'இந்த ஆக்கள்' என்று சொல்லும்போது நானும் அதற்குள் அடக்கம் என்பது அவளுக்குத் தெரியாது, அல்லது தெரிந்துதான் சொல்கிறாள். எனக்குக் கோபம் வந்தால் கை வேகமாக வேலை செய்யும். அன்றைக்கு அவளுடைய வெள்ளிக் கரண்டிகள் எல்லாம் பளிச்சென்று ஆகிவிட்டன. வாயில் நல்லாக வந்தது, விழுங்கிக்கொண்டேன். அவளுக்குச் சொல்லாமல் விழுங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாரும் இத்தாலியனில் கதைத்ததுதான், ஆனால் என் காதில் அது எங்கள் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

அவர் ஆபிரிக்கர். எந்த நாடு என்று சொன்னால் ஆளை அடையாளம் பிடித்துவிடுவார்கள், அது வேண்டாம். போர்கோ வெக்கியோவுக்குப் பக்கத்தில், ஓய்வுபெற்ற மிஷன் சுவாமிமார் தங்கும் வீடு ஒன்று இருந்தது. நான் அங்கே சமையலுக்குப் போனபோது சுவாமிமார் சிலர் இருந்தார்கள். ஒவ்வொருவராக மோட்சம் போய், கடைசியில் தொண்ணூறு தாண்டிய எங்கள் சுவாமியார் மட்டும் மிஞ்சினார். அவரைக் குளிப்பாட்ட, உடுப்புப் போட, சப்பாத்து மினுக்க, கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக என்று நின்றவர்தான் இந்த மனிதர். ஆபிரிக்காவிலிருந்து சுவாமியார் திரும்பி வந்தபோது தன்னுடன் கூட்டி வந்த ஆள். தலை நரைத்து, முழங்கால் நோவோடு மாடி ஏறி இறங்குகிற அந்த மனிதரைச் சுவாமியார் 'பொடியன்' என்றுதான் கூப்பிடுவார்.

முதல் நாள் நான் அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர், கத்தியைக் கீழே வைத்தார்.

"அந்தப் பேர் வேண்டாம். அது எனக்கு ஞானஸ்நானம் குடுத்த நாளைக்குக் கலண்டரில இருந்த புனிதற்றை பேர். அந்தாளை நான் கண்டதுமில்லை, கதைச்சதுமில்லை."

"பிறகு என்னெண்டு கூப்பிடுறது?"

"உங்கட ஊரில என்னை மாதிரி ஒருத்தனை எப்பிடிக் கூப்பிடுவினம்?"

"அண்ணை எண்டு."

"அப்ப அதையே சொல்லு."

எனக்கு அவர் வைத்த பெயர் தங்கச்சி. அதையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கடைசிவரை 'தங்காச்சி' என்று இழுத்துத்தான் சொன்னார்.

அண்ணை இடக்கைக்காரர். வெட்டுவது, மினுக்குவது, எழுதுவது, சுவாமியாருக்குச் சவரம் செய்வதுகூட இடக்கையால்தான். வலக்கை சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் அது எழும்பும். சிலுவை அடையாளம் போடுவதற்கு.

அது எப்படி எழும்பும் என்பதை நான் வுச்சீரியாச் சந்தையில்தான் முதலில் சரியாகப் பார்த்தேன். இரண்டு பேரும் மத்தி மீன் வாங்கப் போயிருந்தோம். மீன்காரனுக்கு அண்ணை கதை சொல்லிக்கொண்டிருந்தார். சுவாமியார் அந்தக் காலத்தில் குதிரையில் ஏறி ஒரு கிராமத்துக்குப் போனாராம், வழியில் குதிரை மறுத்துப் படுத்துவிட்டதாம், சுவாமியார் குதிரைக்குள் பேய் புகுந்துவிட்டது என்று தீர்த்தம் தெளித்தாராம், குதிரை எழும்பி நேரே மிஷனுக்குத் திரும்பிப் போய்விட்டதாம். "அந்த ஊரிலயே புத்தியுள்ள கிறிஸ்தவன் அந்தக் குதிரை ஒண்டுதான்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது பக்கத்துக் கோயிலில் நடுப்பகல் மணி அடித்தது. கதை நிற்கவில்லை, சிரிப்பு நிற்கவில்லை. ஆனால் வலக்கை தன்பாட்டுக்கு எழும்பி நெற்றிக்குப் போனது, நெஞ்சுக்கு வந்தது, இந்தத் தோள், அந்தத் தோள், பிறகு இறங்கித் தொங்கியது. மீன்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் அடக்க முடியவில்லை.

"அண்ணை, வாய் சுவாமியாரைக் கிழிக்குது. கை என்ன செய்யுது எண்டு பாருங்கோ."

அவர் குனிந்து அந்தக் கையைப் பார்த்தார். வேறு யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன குடையைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்.

"அது என்ரை இல்லை தங்காச்சி. நான் ஞானோபதேச வகுப்புக்குப் போன காலத்தில இடக்கையாலதான் சிலுவை போட வந்தது. இடக்கை பிசாசின்ரை கை எண்டு சுவாமியார் மூங்கில் தடியாலை அடிப்பார். அடிச்சு அடிச்சு வலக்கையைப் பழக்கினவர். மற்ற வேலையளுக்கு எந்தக் கை எண்டு அவர் பாக்கேல்லை. அதாலை இதுக்கு ஒரு வேலைதான் தெரியும்."

நான் எங்கள் நாட்டில் தீவுப்பக்கத்துக் கத்தோலிக்கச்சி. சுவாமிமாரைப் பகிடி பண்ணுவது எங்கள் வீட்டில் கேட்டறியாத காரியம். பல நாள் அவருடன் சண்டை பிடித்திருக்கிறேன். எனக்குச் சுவாமியார் தேவதூதர் மாதிரி. என் பெர்மேசோ, இங்கே இருக்கிறதுக்கான அனுமதிப் பத்திரம், சிக்கலில் கிடந்தபோது, நடக்க முடியாத வயதில், ஊன்றுகோலோடு என்னுடன் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்கு வந்து விடியக் காலையிலிருந்து வரிசையில் இருந்தவர். கொண்டு வந்த தோடம்பழத்தை உரித்துப் பாதியை எனக்குத் தந்தவர். என் மகளின் முதல் நன்மைக்கு, நற்கருணை வாங்குகிற நாளுக்கு, வெள்ளைச் சட்டைக்கு வழி பண்ணியவர். அப்படிப்பட்ட மனிதரைப் பற்றி அண்ணை வாய் திறந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நல்ல மனுசன்தான், ஆர் இல்லை எண்டது?" என்பார் அண்ணை. "உனக்கு நல்லவர். எனக்கும் நல்லவர்தான். சீனி தந்து வளர்த்தவர்."

அந்தச் சீனியை அவர் அடிக்கடி சொல்லுவார். ஏன் என்று நான் அப்போது கேட்கவில்லை.

வருசத்தில் ஒரு முறை, மிஷன் ஞாயிறன்று, லிபெர்த்தாச் சின்யோராக்கள் மதியச் சாப்பாட்டுக்கு வருவார்கள். நான் அடுப்பில் வைத்த மக்கரோனியும் கத்தரிக்காய்ப் பொரியலும் செய்வேன். சாப்பாடு முடிந்து கோப்பி குடிக்கும்போது சுவாமியார் ஆபிரிக்காக் கதை சொல்லுவார். நல்ல குரல், நன்றாகச் சொல்லுவார். மலையடிவாரத்துச் சனம் எப்படித் தங்கள் கையாலேயே மலைமேல் கோயில் கட்டியது, ஆணும் பெண்ணும் தலையில் செங்கல் சுமந்து எப்படிப் பாடிக்கொண்டே ஏறியது, எல்லாம் சொல்லி, கடைசியில் அண்ணையைக் கை காட்டுவார்.

"மழைநாள் ஒன்றிலே இந்தப் பொடியனை அந்தக் கோயில் வாசலிலேதான் கண்டெடுத்தேன். தாயில்லை. தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன்."

சின்யோராக்கள் கைலேஞ்சியை எடுப்பார்கள். "பொடியன், அந்தப் பாட்டைப் பாடு" என்பார் சுவாமியார். அண்ணை சுவரோடு நின்று பாடுவார். தாழ்ந்த குரலில், ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிற பாட்டு. பாடி முடித்துக் கைதட்டு வாங்கிக்கொண்டு, அவர்களுடைய எச்சில் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வருவார்.

அது என்ன பாட்டு என்று ஒரு நாள் கேட்டேன். வேதாகமச் சங்கீதமோ, மாதா பாட்டோ என்று நினைத்திருந்தேன்.

"கல்லுச் சுமக்கிற பாட்டு. மெல்ல ஏறு, மண் வழுக்கும், மெல்ல ஏறு. அவ்வளவுதான். வேற ஒண்டும் அதில இல்லை."

சுவாமியாருக்குக் கண் மங்கிய பிறகு, மதியச் சாப்பாட்டுக்குப்பின் அண்ணை அவருக்கு வாசித்துக் காட்டுவது வழக்கமாயிற்று. நான் அதே அறையில் சுவரோரமாக நின்று பீடத்துணிகளை அயன் பண்ணுவேன். புனிதர்களின் சரித்திரங்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. சுவாமியார் பாதியில் குறட்டை விடுவார், அண்ணை நிற்காமல் வாசிப்பார். ஒரு நாள் அட்டை போன ஒரு புத்தகத்தோடு வந்தார். அவருடைய நாட்டு எழுத்தாளர் ஒருவர் எழுதிய நாவலாம், இத்தாலியனில் வந்தது. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்து மிஷன் சுவாமிமாரைக் கேலி செய்கிற கதை. எனக்கு அயன் பெட்டி கையில் நின்றுவிட்டது.

"ஆர் எழுதினது?" என்றார் சுவாமியார்.

"எங்கட பக்கத்து ஆள் ஒருத்தர், பாத்ரே."

"ஞானஸ்நானம் பெற்றவனோ?"

"ஓம் பாத்ரே. உங்களை மாதிரி ஒருத்தர்தான் குடுத்தவர்."

"அப்ப வாசி."

அந்தக் கதையில் ஒரு சுவாமியார் மேற்றிராணியாரின் வருகைக்குப் பயந்துகொண்டிருக்கிறார். ஆயிரம் கிறிஸ்தவர்களைச் சேர்த்துவிட்டதாக எழுதி அனுப்பிவிட்டார், கோயிலில் நாற்பது பேர்கூட இல்லை. அடுத்த மலையில் ஒரு புரட்டஸ்தாந்துப் பாதிரியார் இருக்கிறார், அவருக்கும் அதே பிரச்சினை. இரண்டு பேரும் இரகசியமாகச் சந்தித்து ஓர் ஒழுங்கு செய்கிறார்கள். இந்த மாதம் சனம் முழுவதும் இந்த மலைக்கு வந்து கத்தோலிக்கராக நிற்கும், அடுத்த மாதம் அந்த மலைக்குப் போய்ப் புரட்டஸ்தாந்தாக நிற்கும். சனமும் இரண்டு இடத்திலும் சாப்பாடு போடுகிறார்கள் என்று போய் நிற்கிறது. எல்லாம் நன்றாக நடக்கிறது. கடைசியில் அரசாங்கத்து வரி எழுதுகிறவன் வந்து இரண்டு கோயிற் கணக்கையும் வாங்கிக்கொண்டு போய், அத்தனை பேரிடமும் இரண்டு தலைக்கு வரி அறவிடுகிறான். ஒரு தலைதான் இருக்கிறது என்று சொன்னவர்களை அடித்துச் சிறையில் போடுகிறான். சுவாமியார் சிறைக்குப் போய் அவர்களுக்குப் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறார்.

எங்கள் சுவாமியார் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அந்த வீட்டில் கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்து, இருமல் வந்து, அண்ணை முதுகைத் தடவிவிட வேண்டியிருந்தது. "என்ன கழுதையான சுவாமியார்! இப்படியும் ஒரு கழுதை!" என்று கதிரைக் கையில் தட்டித் தட்டிச் சிரித்தார். தானும் ஒரு மிஷன் சுவாமியாராக இருந்தவர் என்ற நினைவே அவருக்கு இல்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. வாய் ஓயாமல் பகிடி விடுகிற அந்த மனிதர் சுவாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு சுவாமியார் மதியம் குறட்டை விட்டதில்லை. சாப்பாடு முடியமுதலே "பொடியன், எங்கே விட்டனி?" என்று தொடங்கிவிடுவார்.

சில நாள் போனது. கதை செங்கல்லுக்கு வந்தது. அந்தச் சுவாமியார் கோயில் கட்டத் தொடங்குகிறார், கூலிக்கு வழியில்லை. பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறவர்களுக்குச் செபம் சொல்லச் சொல்லிப் பிராயச்சித்தம் கொடுப்பதற்குப் பதிலாகக் கல் சுமக்கச் சொல்லுகிறார். அற்பப் பாவத்துக்குச் சில கல், சாவான பாவத்துக்கு ஒரு சுவர். சனம் பயந்து பாவம் செய்வதை நிறுத்திவிடுகிறது. கூரை மட்டத்துக்குச் சுவர் எழுப்பக் கல் காணாது. சுவாமியார் இரவிரவாக முழங்காலில் நின்று, ஆண்டவரே இந்தச் சனத்துக்கு ஒரு சோதனையை அனுப்பும் என்று மன்றாடுகிறார்.

சுவாமியார் இதற்கும் சிரித்தார். ஆனால் சிரிப்புக் கொஞ்சம் பிந்தி வந்தது. எனக்கு அயன் பெட்டியைத் தூக்கியபோது வேறொன்று கண்ணில் பட்டது. அண்ணை தாள் புரட்டவில்லை. வெகுநேரமாக ஒரே பக்கம் திறந்திருந்தது. அவருடைய கண் புத்தகத்தில் இல்லை, மூடிய யன்னலில் இருந்தது. ஆனால் வாய் வாசிக்கிற குரலிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

குசினிக்குள் வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணை, உந்தக் கல்லுக்கதை புத்தகத்தில இருக்கோ?"

"இல்லை."

"பிறகு?"

"எழுதின ஆள் தன்ரை மலையைப் பற்றி எழுதினவர். நான் என்ரை மலையைப் பற்றிச் சொல்லுறன்."

அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் சொன்னார். இடக்கையால் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே சொன்னார். அவருடைய தாய் தகப்பனுக்கு இரண்டாம் பெண்சாதி. தகப்பன் ஞானஸ்நானம் வாங்கியபோது, ஒருத்திதான் இருக்கலாம் என்று சுவாமியார் சொல்ல, தாயை வீட்டை விட்டு அனுப்பினார்கள். வயிற்றில் அடுத்த பிள்ளை. மகனையாவது மிஷனில் சேர்த்துக்கொள்ளுங்கோ என்று தாய் சுவாமியாரிடம் போய் நின்றாள். சேர்க்கலாம், ஆனால் அவள் வாழ்ந்த வாழ்வுக்கு முதலில் பிராயச்சித்தம் செய்ய வேண்டும் என்றார் சுவாமியார். மலைக்குக் கல் சுமக்கச் சொன்னார். மாரி காலம். கல்லோடு ஏறுகிறபோது வழுக்கி விழுந்து, அந்தச் சரிவிலேயே பிள்ளையும் தாயும் போய்விட்டார்கள். பிராயச்சித்தம் முடியவில்லை, அதனால் அவளுக்குச் சவக்காலையில் இடமில்லை. வேறெங்கோ தாட்டார்கள். எங்கே என்று சொல்லக்கூடியவர்கள் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை, சுவாமியாரைத் தவிர.

"நான் அப்ப ஞானோபதேச வகுப்பில இருந்தனான். சுவாமியார் வந்து என்னைத் தூக்கித் தோளில வைச்சார். கை நிறையச் சீனி தந்தார். அவ்வளவு சீனியை நான் அதுக்கு முந்திக் கண்டதில்லை. நான் சந்தோசமாய்த்தான் போனனான், தங்காச்சி. அதுதான் என்னாலை தாங்கேலாமல் இருக்கு."

"நீங்கள் கேக்கேல்லையோ அவரிட்டை?"

"முதல் நன்மை வாங்கின அண்டைக்குக் கேட்டனான். கடவுளுக்குத் தெரியும் எண்டார். இஞ்சை வரேக்கை பிளேனுக்குள்ளை கேட்டனான். இப்ப ஏன் அது எண்டார். எனக்கு மன்னிப்பும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். அவளை எங்கை தாட்டவை எண்டு அந்தாள் சாகமுதல் ஒரு சொல்லுச் சொன்னால் காணும். போய் ஒரு மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வருவன்."

 அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "மனுசன் சாகப்போற நேரம் அண்ணை. இப்ப அதைக் கிளறி என்னத்துக்கு? என்னெண்டாலும் உங்களை வளர்த்தவர்" என்றேன்.

"ஓம். வளர்க்க வேண்டி வந்தது ஏன் எண்டும் அவருக்குத் தெரியும்."

நான் அவர் சீவி வைத்த கிழங்குகளை எடுத்துக் கழுவத் தொடங்கினேன். 

பிறகொரு நாள் ஆபிரிக்காப் பக்கத்திலிருந்து சூட்டுக்காற்று வீசியது. யன்னற் பலகைகளையெல்லாம் இழுத்து மூடியிருந்தோம். சுவாமியார் சரியாகச் சாப்பிடவில்லை, ஆனால் கதை வேண்டுமென்றார். அண்ணை பக்கத்தில் இருந்து புத்தகத்தைத் திறந்தார். நான் கமொமில்லாத் தேத்தண்ணீரோடு வாசலடிக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டேன்.

கதைக்குள் ஒரு பெண் வந்தாள். இரண்டாம் பெண்சாதி, வயிற்றில் பிள்ளை, தலையில் கல். மழை. அண்ணை குரலை ஏற்றவுமில்லை, இறக்கவுமில்லை. புனிதர் சரித்திரம் வாசித்த அதே குரல். சரிவில் அவள் விழுந்தாள். கல் உருண்டு கீழே போயிற்று. கதையிலிருந்த சுவாமியார் குடையோடு இறங்கி வந்து பார்த்தார். சவக்காலைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று சொன்னார். அவ்வளவில் அண்ணை நிறுத்தினார்.

"இந்த இடத்தில ஒரு தாள் கிழிஞ்சுபோச்சு, பாத்ரே. அவளை எங்கை தாட்டவை எண்டு தெரியேல்லை."

அண்ணை புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"நீங்கள் மிஷனில இருந்தனீங்கள். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இப்பிடி ஒருத்தியை அந்தச் சுவாமியார் எங்கை தாப்பிச்சிருப்பார்?"

 சுவாமியாரின் மங்கிய கண் இரண்டும் அண்ணை இருந்த பக்கம் திரும்பின. அவருக்கு விளங்கிவிட்டது. நான் எந்த மாதா சுரூபத்துக்கு முன்னாலும் சத்தியம் பண்ணுவேன், விளங்கித்தான் இருந்தது. சொல்லுங்கோ சுவாமி, சொல்லிவிடுங்கோ என்று நான் வாசலில் நின்று மன்றாடினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உருக்கமாக நான் செபம் சொன்னதில்லை. கோயிலுக்குப் பின்னால் என்று சொல்லலாம், ஆற்றங்கரையில் என்று சொல்லலாம், மறந்துபோனேன் மகனே என்றாவது சொல்லலாம். வாய் திறந்தார்.

"பாவம், அந்த மனுசன்" என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கப் பிந்தியது. கல் சுமந்தவளை அல்ல. கதையிலிருந்த சுவாமியாரைச் சொன்னார்.

"எவ்வளவு பாரத்தோடை செத்திருப்பான் பாவம். அவனுக்குப் பாவமன்னிப்புக் குடுக்க ஒருத்தரும் பக்கத்தில இருந்திருக்கமாட்டினம்."

பிறகு அவருடைய மெலிந்த கை கதிரையிலிருந்து எழும்பியது. பழைய காலத்து லத்தீனில், தடங்கல் இல்லாமல், முழுதாகச் சொன்னார். உன் பாவங்களிலிருந்து நான் உன்னை விடுவிக்கிறேன் என்று தொடங்கி, பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று காற்றில் சிலுவை போட்டார். தாயைத் தாட்ட இடத்தைக் கேட்ட மகனுக்கு முன்னாலிருந்து, தனக்குத்தானே பாவமன்னிப்புக் கொடுத்துக்கொண்டார்.

அண்ணையின் வலக்கை எழும்பியது.

அவர் எழுப்பவில்லை. அவருடைய முகம் கல் மாதிரி இருந்தது. கை தன்பாட்டுக்கு நெற்றிக்குப் போனது, நெஞ்சுக்கு வந்தது, இடத்தோளுக்குப் போனது, வலத்தோளுக்கு வந்தது. சந்தையில் மீன்காரனுக்கு முன்னால் செய்த மாதிரியே ஒரு பிசகில்லாமல் செய்தது. வாயும் சேர்ந்துகொண்டது. "ஆமென்" என்றார்.

அந்த ஆமென் சுவாமியாருக்குப் போதும். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. கொஞ்ச நேரத்தில் நித்திரையானார். அண்ணை கையை இறக்காமல், தோளில் வைத்தபடியே, நான் உள்ளே போய்த் தேத்தண்ணீரை மேசையில் வைக்கும்வரை இருந்தார். என்னைக் கண்டதும், ஏதோ களவு செய்து பிடிபட்டவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். களவு போனது அவருடையதுதான், ஆனாலும் வெட்கம் அவருக்குத்தான் வந்தது. 

சுவாமியார் அதற்குப் பிறகு கதை கேட்கவில்லை. ஒரு மாதம் போகுமுன் நல்ல மரணம் அடைந்தார். அவசான பூசுதல், நற்கருணை, எல்லாம் கிடைத்தது. சின்யோராக்கள் சேர்ந்து நல்ல பெட்டி வாங்கினார்கள், சவக்காலையில் பளிங்குக் கல்லுக்கும் ஒழுங்கு பண்ணினார்கள். அதில் அவருடைய பெயர், பிறந்த நாள், இறந்த நாள், மிஷன் நாடு எல்லாம் வெட்டியிருக்கிறது. யாரும் போய்ப் பார்க்கலாம். அண்ணை அந்தக் கிழமையே வீட்டுத் திறப்பை என் கையில் தந்துவிட்டுப் பலேர்மோவை விட்டுப் போய்விட்டார். எங்கே என்று எனக்குச் சொல்லவில்லை. மலைக்குப் போயிருப்பார் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

இனி அந்தப் பூசைக்கு வருகிறேன். பிரசங்கம் வைத்த இளம் சுவாமியார், மழைநாளில் கோயில் வாசலில் கண்டெடுத்த குழந்தையின் கதையைத் திரும்பவும் சொன்னார். பாட்டைப் பாடச் சொல்லி ஒரு சின்யோரா முன்னால் வந்து கண்ணால் சைகை காட்டிவிட்டுப் போனாள். அண்ணை பாடவில்லை. கடைசியில் ஆசீர்வாதத்துக்கு இளம் சுவாமியார் கையை உயர்த்தினார். கோயில் முழுவதும் கை எழும்பியது, என்னுடையதும் எழும்பியது.

சின்யோராக்கள் பின்வரிசைகளில் இருந்தார்கள். அவர்களுக்கு அவருடைய முதுகும், பைக்குள் போன வலக்கையும் மட்டும்தான் தெரிந்தது. நான் பூமாலையோடு பக்கச் சுவரோரம் நின்றேன். எனக்கு முன்பக்கம் தெரிந்தது. கோட்டுப் பைக்குள் அந்தக் கை மேலே வரத் துடித்துக்கொண்டிருந்தது. துணி துள்ளியது. அவர் இடக்கையைக் குறுக்கே கொண்டுவந்து, வலக்கை மணிக்கட்டைக் கோட்டோடு சேர்த்துப் பிடித்து, தன் முழுப் பலத்தோடும் கீழே அமத்திக்கொண்டு நின்றார்.